அதிகாரமும் கலகக்காரனும்: ஒரு ஹங்கேரியத் திரைப்படம்

கொள்ளைக்காரன் கதையில் நம்மவர்க்கு என்றைக்குமே ஓர் ஈடுபாடு உண்டு. நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' 1954-இல் திரைக்கு வந்தது. மறு ஆண்டே 'ஆசாத்' என்ற பெயரில் இந்தி பேசியது. வடக்கே குடியேறிய நம் குடும்பங்கள் அதன்பின் 'கங்கா ஜமுனா' (1961), 'முஜே ஜீனே தோ' (1963), 'ஷோலே' (1975) என்று குதிரைக் குளம்பொலியும் புழுதியும் நிறைந்த படங்களை அயலாரோடு அமர்ந்து பார்த்து மகிழ்ந்திருக்கின்றன. இப்படங்களில் கொள்ளைக்காரனுக்கு ஒரு நியாயம் இருக்கும். நிலக்கிழாரோ லேவாதேவிக்காரனோ இழைத்த அநீதி இருக்கும். இறுதியில் அவன் திருந்துவான், அல்லது மடிவான், அல்லது வேடம் கலைந்து நல்லவனாக நம் முன் நிற்பான். எப்படியாயினும் திரையின் நடுவில் நிற்பவன் அவனே. பார்ப்பவரின் அன்பும் அச்சமும் அவனையே சுற்றிவரும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் படம் கொள்ளைக்காரர்களைப் பற்றியதுதான். ஆனால் அதன் தலைவன் ஒரு காட்சியிலும் தோன்றுவதில்லை. அவன் பெயர் மட்டுமே படம் முழுதும் உலவுகிறது. கொள்ளை இல்லை, துரத்தல் இல்லை, கத்திச் சண்டை இல்லை. பரந்த வெளியில் ஒரு வெள்ளைச் சுவர், அதற்குள் அடைபட்ட சில நூறு மனிதர்கள், அவர்களை மெதுவாகவும் மரியாதையாகவும் விசாரிக்கும் கறுப்பு அங்கி அணிந்த அதிகாரிகள் — இவ்வளவுதான். 1966-இல் வெளியான இப்படத்தை, அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் திரையில் காட்டிய படங்களுள் முதல் வரிசையில் வைக்க நாம் தயங்கமாட்டோம்.

படத்தின் ஹங்கேரியப் பெயர் 'செகேன்லெகேன்யெக்'. 'ஏழைப் பிள்ளைகள்' என்பது அதன் நேர்ப்பொருள். படைக்கு ஆள் பிடிப்பவரிடமிருந்து தப்பியோடி, சமவெளியில் திரிந்து, வழிப்பறியில் வாழ்ந்த இளைஞரை அந்நாட்டு உழவர் இவ்வாறு பரிவோடு அழைத்தார்கள். ஆங்கிலத்தில் படத்துக்கு இட்ட பெயர் மாடுகளை வளைத்துப் பட்டியில் அடைப்பதைக் குறிக்கும் சொல். ஒரு பெயர் உழவர் நோக்கில் அமைந்தது. மற்றது அதிகாரியின் நோக்கில் அமைந்தது. இரண்டும் படத்துக்குப் பொருந்துகின்றன என்பதும் வியப்புத்தான்.

இயக்கியவர் மிக்லோஷ் யாஞ்சோ (1921–2014). ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் வைத்துச் சொல்வார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே தாங்கி நடக்கும் நமக்கு இது வேற்றுமையாகத் தோன்றாது. யாஞ்சோ சட்டம் பயின்றவர், இனவரைவியலும் கற்றவர். 1950-களின் தொடக்கத்தில் அரசுக்குச் செய்திப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். மே தின ஊர்வலமும் அறுவடை விழாவும் அன்று அவர் காமிராவுக்குக் கிடைத்த பொருள்கள். ஆட்சியின் முகத்தை அது விரும்பிய வெளிச்சத்திலேயே படம்பிடித்துப் பழகிய கை அது. அந்தக் கையே பிற்பாடு இப்படத்தை எடுத்தது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். திரைக்கதை எழுதியவர் நாவலாசிரியர் ஜூலா ஹெர்னாதி. ஒளிப்பதிவு தமாஷ் ஷோம்லோ.

கதைக்குள் புகுமுன் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். 1848 மார்ச் 15 அன்று பெஸ்ட் நகரில் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கு எதிராக எழுச்சி மூண்டது. லாயோஷ் கோஷூத் அதன் குரலாக விளங்கினார். வியன்னாவால் தனித்து அடக்க இயலாத அந்த எழுச்சியை ரஷ்ய ஜாரின் படைகள் வந்து 1849 ஆகஸ்டில் முடித்துவைத்தன. அவ்வாண்டு அக்டோபர் 6-இல் ஆராத் நகரில் பதின்மூன்று தளபதிகள் கொல்லப்பட்டனர். கோஷூத் நாடு கடந்து போனார், திரும்பவே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1867-இல், பேரரசர் பிரான்ஸ் யோசப்பும் ஹங்கேரியப் பெருங்குடியினரும் சமரசம் செய்துகொண்டார்கள். ஹங்கேரிக்குச் சொந்த மந்திரிசபை வந்தது. அதன் முதன்மை மந்திரி ஜூலா அந்த்ராஷி யார்? 1848 எழுச்சியில் பங்குகொண்டு, மரண தண்டனை பெற்று, ஆள் அகப்படாமையால் 1851-இல் பெயரளவில் தூக்கிலிடப்பட்டவர். நேற்றைய கலகக்காரர் இன்றைய ஆட்சியாளரானார். அவருடைய அரசுதான் சமவெளியின் கொள்ளைக்கூட்டங்களை ஒழிக்குமாறு கிடியோன் ராடாய் என்ற பிரபுவை முழு அதிகாரத்தோடு செகெத் நகரக் கோட்டைக்கு அனுப்பியது. 1869-இல் அவர் தம் பணியைத் தொடங்கினார்.

ராடாய் தேடிய பெயர்களுள் தலையாயது ஷாந்தோர் ரோஜா. ஆம், ரோஜாதான், அந்தக் குடும்பப் பெயருக்கு ஹங்கேரிய மொழியிலும் அந்தப் பூ என்றே பொருள். 1813-இல் பிறந்த இவன் சிறு வயதிலேயே சட்டத்துக்குப் புறம்பானவன். 1848-இல் கோஷூத்தின் அரசு இவனை மன்னித்து, சுமார் நூற்றைம்பது பேர் கொண்ட குதிரைப்படை திரட்ட அனுமதித்தது. அந்தப் படை வீரமும் காட்டியது, கொள்ளையும் அடித்தது. கட்டுக்கு அடங்காமையால் விரைவில் கலைக்கப்பட்டது. 1857-இல் பிடிபட்டான், மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 1868 பொதுமன்னிப்பில் வெளிவந்தான், மீண்டும் பழைய தொழிலுக்கே போனான். நாட்டுப்பாடல்களில் இவன் ஏழைக்கு இரங்கும் வீரன்; காவல் ஏடுகளில் கொலைகாரன். இத்தகையோரைச் 'சமூகக் கொள்ளையர்' என்று வகைப்படுத்தி ஆராய்ந்த எரிக் ஹாப்ஸ்பாம், 'கொள்ளையர்' என்ற தம் 1969-ஆம் ஆண்டு நூலில் இவனையும் கருதுகிறார். இவனை எந்தப் பக்கமும் முழுதாக உரிமை கொண்டாட முடியாது என்பதே நம் எண்ணம். யாஞ்சோ இவனைத் திரைக்குக் கொண்டுவராமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

படம் 1869-இல் நிகழ்கிறது. சமவெளியில் வளைத்துப் பிடிக்கப்பட்ட உழவரும் மேய்ப்பரும் ஒரு கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களிடையே ரோஜாவின் ஆட்கள் கலந்திருக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். யார் எவர் என்பது தெரியாது. தொடக்கத்திலேயே ஒரு கைதியை விசாரித்துவிட்டு, போகலாம் என்கிறார்கள். கதவு திறக்கிறது. அவன் வெளியே நடக்கிறான். முன்னால் மரமில்லை, மேடில்லை. தொடுவானம் வரை வெறும் நிலம். நாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் விதி முடிந்துவிடுகிறது. துப்பாக்கி ஏந்தியவனின் முகத்தைப் படம் காட்டுவதில்லை. யாரும் குரல் உயர்த்துவதுமில்லை. இதன்பின் படம் முழுதும் ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் நம் வயிறு கலங்குகிறது. பூட்டிய கதவைவிடத் திறந்த கதவுக்கு அஞ்சவேண்டும் என்று படம் நம்மைப் பழக்கிவிடுகிறது.

அடுத்து யானோஷ் கய்தார் என்பவன். ஒரு மூதாட்டி அவனைக் கொலைகாரன் என்று அடையாளம் காட்டுகிறாள். இங்கே படம் நேர்மையாக இருக்கிறது; கொள்ளைக்காரனின் கையில் உண்மையாகவே இரத்தம் இருக்கிறது, அதற்குச் சாட்சியாய் நிற்பவள் ஒரு ஏழைக் கிழவி. அதிகாரிகள் கய்தாரிடம் ஒப்பந்தம் ஒன்று பேசுகிறார்கள். 'நீ இத்தனை பேரைக் கொன்றிருக்கிறாய். உன்னைவிட அதிகம் பேரைக் கொன்ற ஒருவனை இங்கே காட்டிவிடு, நீ பிழைப்பாய்.' கணக்கு அவ்வளவு எளிமையானது. அவன் கோட்டைக்குள் நடந்து நடந்து முகங்களைப் பார்க்கத் தொடங்குகிறான். ஒரு பெயர், பிறகு இன்னொரு பெயர். ஒவ்வொரு முறையும் கணக்குத் தீர்வதுபோல் தோன்றித் தீராமல் நீள்கிறது.

காட்டிக்கொடுத்தல் என்றதும் தமிழர் மனத்தில் எழும் பெயர் ஒன்று உண்டு. அது நம் மொழியில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குப் பின் சிறு பிள்ளைகளும் விளையாட்டில் ஒருவரையொருவர் 'எட்டப்பன்' என்று ஏசினார்கள். அக்கதைமரபில் துரோகி பிறவியிலேயே துரோகி. பொறாமைதான் அவன் இயல்பு. அவனை வெறுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. யாஞ்சோ இந்த வசதியை நமக்குத் தருவதில்லை. கய்தார் வஞ்சகனாகப் படத்துக்குள் வரவில்லை. சாக விரும்பாத ஒரு மனிதனாகத்தான் வருகிறான். அவனைத் துரோகியாகச் செய்து முடிப்பது அதிகாரம். தச்சன் மரத்தை இழைப்பதுபோல், அவசரமின்றி, நாளும் ஒரு சீவல். ஹங்கேரிய நடிகர் யானோஷ் கோர்பெ இந்தப் பாத்திரத்தில் முகத்தைச் சுளிப்பதுகூட இல்லை. தோள்கள் மட்டும் காட்சிக்குக் காட்சி சற்றுச் சற்றாகக் குறுகுகின்றன. துரோகியை வெறுப்பதோடு நின்றுவிடும் சமூகம், துரோகிகளை உண்டாக்கும் பட்டறையைக் காணாமலே போய்விடும் என்ற எண்ணம் இதைப் பார்க்கையில் நமக்கு வலுப்படுகிறது.

படத்தின் மிகக் கொடிய காட்சி ஒன்றைப் பற்றி வேறுபட்ட கருத்தும் சொல்லியாகவேண்டும். மறைந்திருப்பவரை வெளிப்படுத்த, ஒரு பெண்ணை ஆடை களைந்து, இரு வரிசையாய் நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவே ஓடவிட்டு அடிக்கிறார்கள். கைதிகள் உயரத்திலிருந்து அதைப் பார்க்கக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள். பார்த்துப் பொறுக்கமாட்டாமல் சிலர் கீழே குதித்து உயிர்விடுகிறார்கள். காமிரா தொலைவிலேயே நிற்கிறது. கண்ணீரைக் காட்ட அருகே போவதில்லை. கலை நோக்கில் இது பெரும் கட்டுப்பாடு என்று பல விமரிசகர் பாராட்டுவர். நாமும் அதை மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பெண் யார், அவள் என்ன நினைத்தாள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. ஆண்களின் வாயைத் திறக்க அதிகாரிகள் அவள் உடலைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அதிகாரிகளின் கொடுமையைக் காட்ட இயக்குநரும் அவள் உடலைப் பயன்படுத்துகிறார். யாஞ்சோவின் பிற்காலப் படங்களில் இந்தப் பழக்கம் மிகுந்துபோயிற்று. பெண்ணுடல் அவற்றில் ஒரு குறியீடாகவே வந்து வந்து போகிறது. இந்தக் குறை அவரிடம் முளைவிட்ட இடம் இப்படந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கய்தார் ஓரிரவு தன் அறையில் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கொன்றவர் சக கைதிகள். அன்றிரவு யார் யாருடைய அறைக் கதவுகள் பூட்டப்படாமல் இருந்தன என்று அதிகாரிகளுக்குத் தெரியும். பூட்டாமல் விட்டவர்களே அவர்கள்தானே. பயன்பட்டுத் தீர்ந்த ஆள்காட்டி இறந்ததில் அவர்களுக்கு வருத்தமில்லை. அவன் சாவும் ஒரு விசாரணைக் கருவியாகிறது. மீண்டும் திறந்த கதவு!

இதை எடுத்த முறையைப் பற்றி ஒரு சொல். படம் கறுப்பு வெள்ளையில், அகலத்திரையில் அமைந்தது. அந்த அகலம் முழுவதையும் யாஞ்சோ கிடைக்கோட்டால் நிரப்புகிறார்: நிலம், சுவர், வரிசையாய் நிற்கும் மனிதர். தலையும் முகமும் மூடிய துணி உறையோடு கைதிகள் முற்றத்தில் வட்டமாகச் சுற்றி நடக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை இல்லை. யார் நல்லவர், யாருக்காக அழவேண்டும் என்று சொல்லித்தரும் குளோசப்புகளும் அரிது. ஆட்கள் வருகிறார்கள், அழைக்கப்படுகிறார்கள், மறைகிறார்கள். இவன் நாயகன் என்று நாம் பற்றிக்கொண்டவன் அரைமணியில் இல்லாமற் போகிறான். கதை அடுத்தவன் தோளில் ஏறிக்கொள்கிறது. நம் திரைப்பட அனுபவத்தில் ஊறியவர்க்கு இது சற்றே எரிச்சலூட்டும். 'உயிரே இல்லாத படம்' என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் முறையிட்டதும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படம் குளிர்ச்சியானதுதான். ஆனால் பார்க்கும் கண் யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் குளிர்ச்சியின் காரணம் விளங்கும். காமிரா நிற்கும் இடம் பல காட்சிகளில் காவலன் நிற்கும் இடம். மதில்மேல் நின்று எண்ணிப் பார்ப்பவனுக்குக் கைதிகள் எப்படித் தெரிவார்களோ அப்படித்தான் நமக்கும் தெரிகிறார்கள்.

பின்னாளில் யாஞ்சோ காட்சித் துண்டுகளை நீட்டிக்கொண்டே போனார். 1972-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்ற 'சிவப்புச் சங்கீதம்', முப்பதுக்கும் குறைவான ஷாட்டுகளில் முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உழவர் கிளர்ச்சியைப் பாட்டும் நடனமுமாய்ச் சொல்லும் அப்படத்தை வியக்கலாம். நம்மை அது அச்சுறுத்துவதில்லை. கலகம் அங்கே அழகிய கோலமாகிவிட்டது. 'ஏழைப் பிள்ளைக'ளில் கோலம் போடுபவன் அதிகாரி. அந்த வேறுபாடு பெரிது.

1966-இல் இப்படத்தைப் பார்க்க ஹங்கேரியில் பத்து லட்சம் பேருக்கு மேல் திரையரங்குகளுக்குச் சென்றார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஒரு கோடி. கடினமான ஒரு கலைப்படத்துக்கு இவ்வளவு கூட்டம் ஏன்? பத்தே ஆண்டுகளுக்கு முன், 1956 அக்டோபர் 23-இல், புடாபெஸ்டில் மக்கள் எழுந்தார்கள். நவம்பர் 4-இல் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. முன்பு ஜாரின் படை, பிறகு சோவியத் படை. எழுச்சியின்போது பிரதமராயிருந்த இம்ரே நாஜ் யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். ஊறு நேராது, வீட்டுக்குப் போகலாம் என்று யானோஷ் காடாரின் புதிய அரசு எழுத்தில் உறுதி தந்தது. நவம்பர் 22-இல் அவரும் உடனிருந்தவரும் வெளியே வந்து பஸ்ஸில் ஏறினார்கள், ஏறியதுமே சிறைபிடிக்கப்பட்டார்கள். 1958 ஜூன் 16-இல் நாஜ் தூக்கிலிடப்பட்டார். படத்தில் திறந்த கதவு வழியே நடந்துபோகும் அந்த முதல் மனிதனை ஹங்கேரியர் எந்த நினைவோடு பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை தேவையில்லை.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம். படம் கான் விழாவுக்குச் செல்லவிருந்தபோது, அண்மைக்கால நிகழ்ச்சிகளோடு அதற்குத் தொடர்பில்லை என்று யாஞ்சோ வெளிப்படையாக அறிவிக்கவேண்டியிருந்தது. அவ்வாறே அறிவித்தார். அது உண்மையன்று என்பது அனைவருக்கும் தெரியும் என்று பின்னாளில் அவரே சொன்னார். இதை அவருடைய கோழைத்தனமாகக் கொள்வாரும் உளர். நமக்கோ இது படத்தின் இன்னொரு காட்சி போலவே தோன்றுகிறது. 'இதைச் சொல்லிவிடு, உன் படம் போகலாம்' என்று ஒரு கதவு திறந்தது, சொல்லிவிட்டு நடந்தார், முதுகில் குண்டு பாயவில்லை. காடார் ஆட்சி அதற்குள் கொல்லும் கட்டத்தைத் தாண்டி இணங்கவைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தது. 1963-இல் பொதுமன்னிப்பும் அளித்திருந்தது. தலைவரைத் தூக்கிலிட்டுவிட்டுத் தொண்டர்களை மன்னித்த ஆட்சி அது. படத்தின் முடிவில் இந்த வரிசை தலைகீழாக வருவதைக் காண்போம்.

அதற்குமுன் நம் நாட்டைச் சற்று நினைப்பது பொருந்தும். ராடாய் செகெத் கோட்டையில் வேலை தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1871-இல், பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஹங்கேரியில் பிடிபட்டவன் செய்த செயலைத் தேடினார்கள். இங்கே பிறந்த சாதியே போதுமானதாயிற்று. 1911-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் இருப்பைக் காட்ட வேண்டும் என்று நிர்ப்பந்தித்தமையால் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-இல் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்மீது போலீஸ் சுட்டது; பெண்ணொருவர் உள்ளிட்டுப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணம் 1947-இலும், இந்தியா முழுதும் 1952-இலும் சட்டம் நீக்கப்பட்டது. 'சீர்மரபினர்' என்ற சொல் மட்டும் அரசு ஆவணங்களில் அதன் தடமாய் நிற்கிறது. இந்த வரலாற்றை, மதிலும் முற்றமும் வரிசையுமாக, யாஞ்சோவின் நிதானத்தோடு எடுத்த தமிழ்ப் படம் ஒன்று நம்மிடம் இல்லை. கொள்ளைக்காரனை ஆடவும் பாடவும் வைத்த நம் திரையுலகம், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்மேல் காமிராவைத் திருப்பாதது ஏன் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இனிப் படத்தின் முடிவு. அச்சுறுத்தலால் பெறக்கூடியதைப் பெற்றாயிற்று. ஆயினும் ரோஜாவின் ஆட்கள் இன்னும் எல்லாரும் வெளிப்படவில்லை. அதிகாரிகள் வழியை மாற்றுகிறார்கள். கொள்ளையராக இருந்தவரைக் கொண்டே ஒரு புதிய குதிரைப்படை அமைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். குதிரையேற்றத்தில் திறமை காட்ட வாய்ப்புத் தருகிறார்கள். நெடுநாள் கால் தரையில் கட்டுண்டு கிடந்தவனுக்குச் சேணமும் வெட்டவெளியும் கிடைக்கின்றன. அவன் பறக்கிறான்; நமக்கும் முதன்முறையாக மூச்சு வருகிறது. உன் ஆட்களை நீயே தேர்ந்துகொள் என்கிறார்கள். அவன் யாரைத் தேர்ந்துகொள்வான்? தன்னோடு உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவர்களைத்தான். கய்தார் அச்சத்தால் செய்ததை இவன் அன்பால் செய்துவிடுகிறான். பணத்தாசை இல்லை, பொறாமை இல்லை. தோழமையும் வீரப் பெருமிதமுமே ஒவ்வொருவரையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. படத்தின் நுட்பமெல்லாம் இந்த இடத்தில் இருப்பதாக நாம் கருதுகிறோம். மனிதனின் தாழ்ந்த குணங்களை அதிகாரம் பயன்படுத்தும் என்பது யாரும் அறிந்தது. அவனுடைய உயர்ந்த குணங்களும் அதற்கு அதே அளவு பயன்படும் என்று காட்டிய கலைஞர் சிலரே.

வரிசையில் நிற்பவர்முன் ஓர் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. ஷாந்தோர் ரோஜாவைப் பேரரசர் மன்னித்துவிட்டார்! ஆரவாரம் எழுகிறது, இருபது ஆண்டு அடக்கி வைத்திருந்த கோஷூத்தின் பாட்டு அவர்கள் வாயிலிருந்து வெளிப்படுகிறது. பாடியவன் தன்னைத் தானே அடையாளம் காட்டிக்கொண்டவனாகிறான். அறிவிப்பில் இன்னொரு பகுதி மீதமிருக்கிறது: ரோஜாவின்கீழ்ப் போரிட்டவர் தண்டனையிலிருந்து தப்ப இயலாது. துணி உறைகள் தலைகளை மூடுகின்றன. படம் முடிகிறது.

வரலாற்றில் இந்த மன்னிப்பு நிகழவில்லை. 1848-இலும் 1868-இலும் மன்னிக்கப்பட்ட ரோஜாவை ராடாயின் ஆட்கள் 1869 ஜனவரியிலேயே பிடித்துவிட்டார்கள். வழக்கு நீண்டது, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இன்று ருமேனியாவில் கெர்லா என்று வழங்கும் ஷாமோஷூய்வார் நகரச் சிறையில், 1878 நவம்பர் 22-இல், அறுபத்தைந்தாம் வயதில் அவன் இறந்தான். நாட்டுப்பாடல்களில் அவன் அதற்குப் பின்னும் குதிரையேறிச் சமவெளியில் போய்க்கொண்டிருந்தான்.